அண்ணிக்கு விற்கத் தெரியாது

என் அண்ணியிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் குறையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். அதுவும் அவளுடைய பொருளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புதுத் தோடு அழகாக இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள். "திருகு சரியில்ல, எப்ப விழும்னு தெரியல" என்பாள். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது அக்கம்பக்கத்தார் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். "மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் அந்த வாரம் காய்ச்சல்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அண்ணன் முதன்முதலில் அவளிடம் போய், உன்னைப் பிடித்திருக்கிறது என்று வியர்க்க விறுவிறுக்கச் சொன்னபோதுகூட, "எனக்குக் கோபம் வரும், குறட்டையும் வரும், யோசிச்சு சொல்லுங்க" என்றாளாம். அண்ணன் யோசிக்கவில்லை. அவன் எதையுமே யோசிப்பதில்லை, அது வேறு கதை.

இப்படிப்பட்டவள் அத்திப்பழம் வளர்க்கிறாள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அத்தனை மரங்களும் அவள் குச்சியாகக் கொண்டுவந்து ஊன்றியவை. அத்தி ஒரு பொல்லாத பழம். பறித்து வைத்துப் பழுக்க வைக்கலாம் என்றால் நடக்காது, மரத்திலேயே பழுக்க வேண்டும். பழுத்த அன்றே பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் குருவிக்கும் எறும்புக்கும் விருந்து. காம்பிலிருந்து வடியும் பால் கையில் பட்டால் அரித்து எடுத்துவிடும் என்பதால், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறிப்பாள். பறித்ததைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்குவதைப் பார்த்தால், கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிறாளோ என்று தோன்றும்.

முன்பெல்லாம் விற்பனையைப் பற்றிக் கவலையே இல்லை. ஜாம் செய்யும் ஆலையின் வண்டி வரும், தட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும். யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. போன வருடம் ஆலைக்காரர்கள் அத்தி ஜாமையே நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அண்ணி சாலையோரம் மேசை போட்டு உட்கார்ந்தாள். ஒருநாள் நானும் கூட இருந்தேன். கார் ஒன்று நின்றது. உள்ளேயிருந்த பெண்மணி ஆசையாகக் கண்ணாடியை இறக்கி, "இனிக்குமா?" என்று கேட்டார்.

"சிலது இனிக்கும். சிலதுல எறும்பு இருக்கும், பிரிச்சுப் பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள் அண்ணி.

கண்ணாடி ஏறியது, கார் போயே போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணி, அவங்க எறும்பைப் பத்திக் கேட்டாங்களா?"

"பின்னாடி பார்த்துட்டுத் திட்டுவாங்கல்ல?"

"திட்டட்டுமே! முதல்ல வாங்கட்டும்!"

இப்படியே போனால் என்ன ஆகும்? அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, யாருக்கோ நடக்கிற சங்கதி மாதிரிச் சொன்னான். பைப் வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அடுக்கி வைக்க இடம் வேண்டுமாம். இந்தப் பருவத்துக்குள் அத்திக்கு நிரந்தரமாக வாங்குகிற ஆள் கிடைக்காவிட்டால் மரங்களை எடுத்துவிட்டு இடத்தை அவருக்கு விட்டுவிடலாமாம். அவரிடம் பேசியும் ஆயிற்றாம். அண்ணி அதற்கு ஒரு குறைகூடச் சொல்லவில்லை. விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அந்த மரங்கள் போனால் அண்ணி சிரித்தபடிதான் நடமாடுவாள், ஆனால் பாதி ஆளாகத்தான் நடமாடுவாள்.

நான் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் என்ன அறிவித்தாலும் என் இயந்திரத்தின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அடுத்த வாரமே ஒருவர் வந்து நீட்டிய தாளில், 'பழம், காய்கறி, காளான், கீரை வளர்ப்போருக்கு விற்பனைப் பயிற்சி. துணைக்கு ஒருவர் வரலாம்' என்று இருந்தது. அவர் கேட்ட நகல்களை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே அண்ணியின் பெயரைப் பதிந்தேன். துணைக்கு யார்? நாத்தனார் நான்தான். அண்ணியை இழுத்துக்கொண்டு போக வேறு யாருக்குத் தெம்பு இருக்கிறது?

பயிற்சி ஒரு வாடகை மண்டபத்தின் மாடியில். பயிற்சியாளருக்கு நான் வைத்த பெயர் மைக். அவருக்கு மைக் தேவைப்படவில்லை என்பதால் வைத்தேன். ஒல்லியான மனிதர், ஆனால் அந்தக் குரல் வெளியே நிற்கும் வண்டிகளின் கண்ணாடியை அதிர வைத்தது. நல்ல மனிதர். தொழில் தெரிந்தவரும்கூட. "உங்க பொருளுக்கு வாய் இல்ல! நீங்கதான் அதுக்கு வாய்!" என்று முதல் வகுப்பில் அவர் முழங்கியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அண்ணி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று வைத்தார். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றி மூன்று நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். காளான்காரர் முதலில் போனார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம், மீசை ஒரு கைப்பிடி. குரல் மட்டும் கொசு ரீங்காரம். ஒரு கொத்துக் காளானைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "காளான்... வந்து... காளான்தான்" என்றார். காது மடல் வரை சிவந்துவிட்டது. அடுத்து அண்ணி.

"இது அத்தி. பார்க்க லட்சணமா இருக்காது. பாதி சரியா இருக்கும்."

"அம்மா! நல்ல வார்த்தை!" என்று மைக் கெஞ்சினார்.

"அதான் பாதி சரியா இருக்கும்னு சொன்னேனே?"

மைக் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பெத்த பிள்ளையைப் புகழ இவ்வளவு வெட்கமா?" என்று கேட்டார். மண்டபம் முழுக்க எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மண்ணில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த வியாதி இருந்தது, அண்ணிக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் மைக் விடவில்லை. வகுப்புக்கு வகுப்பு தொண்டை கிழியப் பேசி, எங்கள் எல்லாருக்கும் மெல்ல மெல்ல வெறி ஏற்றிவிட்டார். பொருளுக்கு ஒரு கதை வேண்டும், வாங்குகிறவர் வாயில் ஒரு துண்டு வைக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். கீரைக்காரம்மா இடைவேளையில் டீ கொண்டுவந்தவரை நிறுத்தி, "இந்த டீயோட கதை என்ன?" என்று கேட்டுத் திணற வைத்தார். நான் கடையில் ஒருவரிடம், "சார், இது வெறும் நகல் இல்ல, ஒரு தாளோட மறுபிறவி" என்றேன். அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். பரவாயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், வாயைத் திறந்தால் எறும்பைத்தான் எடுத்துப் போட்டாள்.

கடைசி நாள் மண்டபத்திலேயே சந்தை. ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு மேல் பெயர்ப்பலகை. விடுதிகளிலிருந்தும் பெரிய கடைகளிலிருந்தும் வாங்குபவர்கள் வரப்போகிறார்கள். பிடித்துப்போனால் பருவம் முழுக்க அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அண்ணிக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. அன்று காலையில் பறித்த தட்டுகளை நான் மூச்சு வாங்க மாடியேற்றினேன். அண்ணி பலகையை நேராக்கினாள். மறுபடியும் நேராக்கினாள்.

"ஏய், நான் ஏதாவது உளறினா என் காலை மிதி" என்றாள்.

"மிதிக்கிறதா? நொறுக்கிடுவேன் அண்ணி."

வருகிறவர்களை அழைத்துவர மைக் கீழே வாசலுக்குப் போனார். போகும்போது சும்மா போயிருக்கலாம். படியில் நின்று, "அதுவரைக்கும் நிக்காதீங்க, ஒருத்தருக்கொருத்தர் வித்துப் பழகுங்க!" என்று முழங்கிவிட்டுப் போனார்.

வந்தது வினை. வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விளைவித்ததை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கினால் அது மரியாதைக் குறைவு. கூடைக்குக் கூடை மாற்றிக்கொள்வார்கள். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பூசணிக்காரர் கீரைக்காரம்மாவிடம் போய், "இந்தக் கீரையோட கதை என்னம்மா?" என்று கேட்க, அந்தம்மா கதை சொல்ல, பூசணிக்காரர் நிஜமாகவே மயங்கிப்போய் ஒரு பூசணியைக் கொடுத்துக் கீரையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். இத்தனை நாளாக ஏறிக் கிடந்த வெறி மொத்தமும் இறங்க ஒரு வழி கிடைத்துவிட்டது. ஆளுக்கு ஆள் மேசை மேசையாகப் பாய்ந்தார்கள்.

காளான்காரர் எங்கள் மேசைக்கு வந்து ஒரு பழத்தை எடுத்தார். அண்ணி வாயைத் திறந்தாள். நான் காலைத் தேடினேன், அதற்குள் முந்திக்கொண்டாள். "பிரிச்சுப் பார்த்துச் சாப்பிடுங்க. எறும்பு இருக்கும்."

காளான்காரரின் கண் விரிந்தது. "எறும்பு இருக்கா? அப்ப நீங்க மருந்தே அடிக்கலையா?"

"அடிக்கல. அடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"அம்மா, மருந்து அடிக்காத அத்திக்கு நான் எங்க போவேன்? எல்லாத்தையும் குடுங்க!" பழத்தைப் பிட்டு வாயில் போட்டார், கண்ணை மூடினார், மீசை ஒரு ஆட்டம் ஆடியது. அண்ணி இதற்குள் அவர் மேசைக்குப் போய்விட்டாள். ஒரு காளானைத் திருப்பி அடியில் இருக்கும் மடிப்புகளைப் பார்த்தாள், முகர்ந்தாள், விளிம்பை விரலால் தடவினாள். "இவ்வளவு சுத்தமா எப்படிங்க வளர்க்கிறீங்க?" என்றாள். அண்ணியின் வாயிலிருந்து ஒரு புகழ்ச்சி! கூடைக்குக் கூடை என்று தொடங்கி, கடைசியில் மேசைக்கு மேசையே மாறிவிட்டது. நானும் சும்மா இருந்தேனா? தட்டுகளை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவு குஷி.

படியில் காலடிச் சத்தம் கேட்டபோதுதான் எல்லாருக்கும் சுயநினைவு வந்தது. மண்டபத்தில் ஒருத்தர்கூடத் தன் பொருளுக்குப் பின்னால் நிற்கவில்லை. 'அத்தி' என்ற பலகைக்குக் கீழே காளான் மலை. 'கீரை' என்ற பலகைக்குக் கீழே பூசணிகள், அவற்றில் ஒன்றின் மேல் கீரைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பேந்தப் பேந்த விழித்தோம்.

மைக் வந்தவர்களைப் பார்த்துப் பேசியபடியே பின்னோக்கி நடந்து வந்தார். "இதோ எங்க அத்தி அம்மா! இப்ப இவங்க தன் அத்தியோட கதையை..." என்று கையை விரித்துத் திரும்பினார். காளான். அவர் குரல் அடங்கி நான் பார்த்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.

முன்னால் நின்றது ஒரு பெரிய விடுதியின் கொள்முதல் அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆயுள் முழுக்கச் சொத்தைப் பழத்தையே கடித்தவர் மாதிரி முகம். "அத்தி எங்க?" என்றார். மைக் எதிரே இருந்த காளான்காரரின் மேசையைக் காட்டினார். அந்தம்மா அங்கே நடந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணியின் மரங்கள் மொத்தமும் இப்போது வாயே இல்லாத ஒரு மனிதரின் கையில்!

அந்த மனிதர் ஆரம்பித்தார் பாருங்கள். "அம்மா, இதை நான் இப்பதான் சாப்பிட்டேன். ஒரு நிமிஷம் எனக்கு என் பேரே மறந்துபோச்சு!" கொசு ரீங்காரம் எங்கே போயிற்று? மைக்குக்கே சவால் விடுகிற குரல். "மருந்து கிடையாது. மரத்துலயே பழுத்தது. இந்தாங்க, இந்த வெடிப்பைப் பாருங்க, உள்ள தேன் தாங்காம வெடிச்சிருக்கு!" பாதிப் பழத்தை அந்தம்மாவின் கையில் வைத்தே விட்டார்.

அதே நேரம் எங்கள் மேசைக்கு ஒரு கடைக்காரர் வந்து, "காளான் எப்படிம்மா?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்படியா? இப்படி ஒரு காளானை நீங்க கையில பிடிச்சிருக்கவே மாட்டீங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று கண்ணைத் திறந்தேன். அண்ணி! "தொட்டுப் பாருங்க, துணி மாதிரி இருக்கா? ஒரு கறுப்புப் புள்ளி காட்டுங்க பார்ப்போம். இதை வளர்க்கிறவர் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு. இன்னைக்கு விட்டீங்கன்னா நாளைக்கு வேற யாராவது எடுத்துடுவாங்க!" முகமெல்லாம் மின்னியது. கண்ணைப் பார்த்துப் பேசினாள், கதை சொன்னாள், மைக் சொல்லிக் கொடுத்த ஒன்றையும் விடவில்லை. கடைக்காரருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க இதே கூத்துதான். தன் பொருளைப் பற்றி வாய் திறக்க முடியாத அத்தனை பேரும் அடுத்தவர் பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

கொள்முதல் அம்மா இரண்டாவது பழத்தை முடித்துவிட்டு, "எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். காளான்காரருக்குத் தெரியவில்லை. "அம்மா! எத்தனை நாள் தாங்கும்?" என்று மண்டபம் அதிர அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். தன் பழத்தைப் பார்த்ததும் முகம் மாறியது, பழைய அண்ணி திரும்பி வந்துவிட்டாள். "ரெண்டு நாள்கூடத் தாங்காது. அழுத்தினா நசுங்கும். சிலது..."

நான் காலை மிதித்தேன். அது காளான்காரரின் காலாகப் போய்விட்டது. அவர் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, "அவங்க சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்கம்மா, அவங்க காளான் விக்கிறவங்க" என்றார்.

"அப்ப அத்தி யாரோடது?"

காளான்காரர் அண்ணியைக் காட்டினார். அண்ணி கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி நின்றாள். அந்தச் சொத்தைப் பழ முகம் ஒரு பக்கமாகக் கோணியது, அப்புறம் இன்னொரு பக்கமும் கோணியது, பிறகு அந்தம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி எகிறிக் குதிக்கச் சிரித்தார். "எங்க விடுதில எதுவும் ஒரு நாளுக்கு மேல மிஞ்சாது. பருவம் முடியிற வரைக்கும் தினமும் அனுப்புங்க. ஆனா ஒண்ணு, போன்ல இவர்தான் பேசணும். நீங்க பேசினா எனக்குச் சாப்பிடற ஆசையே போயிடும்" என்றார். காளான்காரர் உடனே, "அப்ப என் காளானுக்கு அம்மாதான் பேசணும்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. மைக் ஒரு பூசணியின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நாங்கள் நடந்தா வந்தோம்? பறந்து வந்தோம். வாசலிலேயே, "அண்ணா! ஆள் கிடைச்சாச்சு!" என்று கத்தினேன். அண்ணன் சந்தோஷப்பட வாயைத் திறந்தான், அப்படியே மூடிக்கொண்டான்.

"பைப்காரர் இப்ப இடம் பார்க்க வர்றாரு. ஆள் எங்க கிடைக்கப்போகுதுன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன். நானா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவரா வேணாம்னு சொன்னாத்தான் உண்டு."

எனக்கு ரத்தம் கொதித்தது. யோசிக்காமல் கல்யாணம் செய்தது சரி, யோசிக்காமல் வாக்குக் கொடுப்பானா ஒருவன்? நான் சண்டைக்குக் கிளம்பும் முன்பே வாசலில் வண்டி வந்து நின்றது. பைப் வியாபாரி அளவு நாடாவோடு இறங்கினார். மரங்களுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, "இடம் நல்லா இருக்கே" என்று அண்ணியிடம் சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்கங்க நல்லா இருக்கு?" என்றாள் அண்ணி.

வியாபாரி திரும்பினார்.

"மழை பெய்தா அந்த ஓரத்துல முழங்கால் அளவு தண்ணி நிக்கும். மண்ணு பொதபொதன்னு இருக்கு பாருங்க, குச்சியை வச்சாலே இறங்கும், இரும்பை வச்சா என்ன ஆகும்? வாசல்ல உங்க லாரி திரும்பவே திரும்பாது. போன மாசம் உரம் கொண்டுவந்த வண்டி சுவரை இடிச்சிடுச்சு, வாங்க காட்டுறேன்." காட்டினாள். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. தன் பொருளைப் பற்றிக் கேட்டால் அவள் வேறு எப்படிப் பேசுவாள்? வியாபாரி நாடாவை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். அண்ணி நிறுத்தவில்லை. கையை நீட்டிச் சாலைக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரின் வீட்டை ஒட்டி அவருடைய காலி மனை வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது.

"இடம்னா அதுதாங்க இடம்! பாறை மாதிரித் தரை. ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல திரும்பும். மேடு, ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. உங்க பைப்புக்காகவே காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இல்ல? அந்த டிரைவர் அய்யா தங்கமான மனுஷன். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு விட்டீங்கன்னா நாளைக்கு வேற யாராவது எடுத்துடுவாங்க!"

வியாபாரி அண்ணனிடம் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க இடம் எனக்குச் சரிப்பட்டு வராது" என்றார். அண்ணன் மிகவும் வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அண்ணி அவரை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள். வந்தவள் உள்ளே போகாமல் நேராக மரங்களுக்கு நடுவே போய் நின்றாள். அண்ணன் பின்னாலேயே போனான், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"ஏன், நம்ம இடம் நிஜமாவே அவ்வளவு மோசமா?" என்று கேட்டான்.

அண்ணி எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அவர் உள்ள போயிட்டாரான்னு பாருங்க" என்றாள்.

"போயிட்டாரு."

அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். "இப்படி ஒரு இடம் எங்கேயும் கிடைக்காதுங்க."